உள்ளுக்கு ஒரு ஆள்

போன கிழமை கண்டாவளைப் பக்கம் ஒரு பிள்ளையார் கோயிலில் அன்னதானம். வெயில் மண்டையைப் பிளந்தது. சோற்றுத் தட்டோடு நிழல் தேடி நின்ற என்னைக் கண்டு கோயில் தலைவர் ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டார். "இருங்கோ தங்கச்சி, நிண்டு சாப்பிட்டால் செமியாது." இருக்கப் போன நான் கதிரையின் முதுகைப் பார்த்தேன். நீலப் பெயின்றில், கோணல் எழுத்தில், 'நித்திய ஜீவன்' என்று எழுதியிருந்தது. யாரோ உப்புத்தாள் போட்டு உரஞ்சிப் பார்த்திருக்கிறார்கள். அழியவில்லை.

"அது ஜெபவீடு கழட்டேக்க கோயிலுக்கு எடுத்தது," என்றார் தலைவர், கொஞ்சம் கூச்சத்தோடு. "எழுத்தைப் பாக்காதேங்கோ. நல்ல கதிரை."

நல்ல கதிரைதான், எனக்குத் தெரியாதா என்ன. ஆனாலும் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு வந்தேன். இந்த வயதிலும் இப்படி ஒரு பிடிவாதமா என்று நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். அந்த இரண்டு சொல்லோடும் எனக்குப் பழைய வழக்கு ஒன்று இருக்கிறது.

வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக்குக்கு ஒரு மணம் உண்டு. அந்த மணம் மூக்கில் ஏறினால் எனக்கு உடனே தர்மபுரத்து ஜெபவீடுதான் ஞாபகம் வரும். யுத்தம் முடிந்து முகாமால் விட்டு, காடு மண்டிக் கிடந்த காணிகளுக்கு நாங்கள் திரும்பி வந்த காலம். கிணறுகள் இன்னும் இறைத்துச் சுத்தம் பண்ணவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லை. ஆனால் ஜெபவீடு வந்துவிட்டது. புதுத் தகரம், புதுச் சீமெந்து, உள்ளே வரிசை வரிசையாகக் கதிரை. நாங்கள் உரப்பையை விரித்துக் குந்தியிருந்த நாட்கள் அவை. முதுகு சாய்த்து இருக்கலாம் என்பதற்காகவே பாதிச் சனம் போனது என்று நான் அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன். தகரச் சூட்டில் கதிரைகள் வேகும். சனம் விசிறிக்கொண்டு அல்லேலூயா சொல்லும்.

நடத்தினவர் வவுனியாவில் இருந்து மோட்டார் சைக்கிளில் வருகிற ஓர் இளம் ஆள். பாஸ்டர். சேட்டைக் காற்சட்டைக்குள் விட்டு, கை நுனி வரை பொத்தான் பூட்டி, அந்தப் புழுதியிலும் செருப்பில் தூசு படாமல் நடப்பார். மனுசன் கெட்டவரில்லை என்று சனம் சொல்லும். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுகமாக இருந்திருக்கும்.

நான் அப்போது கூட்டுறவுச் சங்கக்கடையில் நிவாரணச் சாமான் நிறுத்துக் கொடுக்கிறவள். புதுசாகக் கிடைத்த வேலை. அதனால் வாய் கொஞ்சம் நீளம். தராசுக்குப் பின்னால் நிற்கிற எவருக்கும் வாய் நீளும், நீங்கள் கவனித்திருப்பீர்கள். அரிசி, மா, பருப்பு, சீனி. ஒரு குடும்பத்துக்கு ஒரு பங்கீட்டுக் காட். தாய் வந்தால் பிள்ளையின் பங்கையும் சேர்த்து வாங்கிப் போகலாம். பிள்ளை காய்ச்சலில் கிடந்தாலும் சரி, மாடு கட்டப் போயிருந்தாலும் சரி, பங்கு பங்குதான். இதை ஏன் சொல்கிறேன் என்று போகப் போகத் தெரியும்.

என்னோடு ஒரே தகரக் கொட்டிலில் இருந்தவ என் அக்கா. எங்களுக்குப் பெற்றோர் இல்லை, அவதான் என்னை வளர்த்தவ. அத்தான் பாம்பு கடித்துச் செத்தபோது அவர்களுடைய ஒரே பிள்ளை தர்சிக்கு நடை பழகுகிற வயது. ஆண்பிள்ளை இல்லாத வீடு. சாதாரணமாக ஆடி அமாவாசைக்கு மகன்தான் தகப்பனுக்காகத் தீர்த்தத்தில் முழுகி எள்ளும் தண்ணீரும் இறைப்பான். யாழ்ப்பாணத்துச் சனம் அதற்குக் கீரிமலைக் கேணிக்குப் போகும். எங்களுக்குப் பாதை பூட்டின காலம், கீரிமலை எங்கே, நாங்கள் எங்கே. இரணைமடுக் குளத்தில் இருந்து வருகிற வாய்க்கால்தான் எங்களுக்குக் கீரிமலை.

தர்சிக்கு விபரம் தெரிந்த நாளில் இருந்து அவளே அந்த வாய்க்காலில் இறங்கினாள். பொம்பிளைப் பிள்ளை செய்யிறதில்லை என்று ஊரில் இரண்டொரு பேர் சொன்னார்கள். "எங்கட அப்பாவுக்குத் தண்ணி விடாய்க்காதோ?" என்று கேட்டாள் அந்தச் சின்னன். வாய் என்னைப் போல. எள்ளைப் பாவாடைத் தொங்கலில் முடிந்துகொண்டு, மூக்கைப் பொத்தி, முழுகி எழும்பி, "அப்பா, குடியுங்கோ" என்பாள். அக்கா படியில் நின்று அழுவா. நான் துவாயோடு நிற்பேன், அவளுக்குத் தடிமன் பிடிக்கும் என்ற கவலையில். எங்கள் கவலைகள் அப்போது அவ்வளவுதான்.

பிறகு யுத்தத்தின் கடைசி இடப்பெயர்வு. அதைப் பற்றி எழுத எனக்கு மனமும் இல்லை, கையும் வராது. கடற்கரை மணலில், தறப்பாளுக்குக் கீழே, தர்சிக்கு வயிற்றில் காயம். வயிற்றுக் காயத்துக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அக்கா சீலைத் தலைப்பை நனைத்து உதட்டில் தடவினா. குடிக்கக் கொடுக்கவில்லை, பிழைப்பாள் என்று நம்பினதால். அவளைப் புதைத்த இடம் மணல். எந்த மணல் என்று இன்று போய்க் கேட்டால் கடலுக்குத்தான் தெரியும்.

அக்கா அதற்குப் பிறகு தண்ணீர் குடிக்கிறதைப் பார்க்கவே எனக்குப் பயம். செம்பைத் தூக்குவா, பாதி வழியில் நிறுத்துவா. "அவள் விடாயோட போனவள்," என்பா. வேறு ஒன்றுமில்லை, இந்த ஒரு கதைதான். பிள்ளை செத்ததைக்கூட அவ எப்படியோ விழுங்கிவிட்டா. தாகத்தோடு போனதை விழுங்க முடியவில்லை.

ஊருக்குத் திரும்பினதும் முதல் வேலையாக ஐயரிடம் போனோம், தர்சிக்கு அந்தியேட்டிக் கிரியை செய்ய வேண்டும் என்று. அவர் எங்களைக் கதிரையில் இருத்தவும் இல்லை. "திகதி தெரியாது, உடம்பு எரிக்கேல்லை, கன்னிப் பிள்ளை. செய்யிறதுக்கு உங்கட பக்கம் ஆம்பிளையும் இல்லை. தாய் பிள்ளைக்குச் செய்யிற வழமை இல்லையம்மா, விடுங்கோ," என்றார். நல்ல சைவம். எங்கள் படலை வரை வந்து பால் வாங்கிப் போக மட்டும் தெரியும். பக்கத்து வளவு மனுசி தன் பங்குக்கு, கிரியை செய்யாவிட்டால் பிள்ளை அலையும் என்று சொல்லிவிட்டுப் போனா. கோபத்தை நான் ஒரு பக்கத்துக்கு மட்டும் வைத்திருக்கிறேன் என்று நினையாதீர்கள்.

இந்த நேரத்தில்தான் பாஸ்டர் படலையைத் தட்டினார். வந்தவர் வாசல் கல்லில் இருந்தார், தேத்தண்ணீர் குடித்தார், அக்காவின் கதையை முழுக்கக் கேட்டார். ஒருவரும் முழுக்கக் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை, நான் நடுவில் எழும்பிப் போய்விடுவேன். கேட்டு முடித்துவிட்டு அவர் சொன்னார்: "அக்கா, அங்க அழுகை இல்லை. தாகம் இல்லை. விசுவாசிக்கிறவைக்கு நித்திய ஜீவன்."

"தாகம் இல்லையோ?" என்றா அக்கா.

"இல்லையக்கா."

அடுத்த ஞாயிறு அக்கா நீல எழுத்துக் கதிரையில் இருந்தா.

நான் ஆடின ஆட்டத்தை ஊர் பார்த்தது. "கதிரைக்கும் ஒரு பால்மாப் பெட்டிக்கும் சமயம் மாறினவள் எண்டு சனம் சிரிக்கப் போகுது," என்றேன். பால்மா அவ வாங்கவில்லை, அது எனக்குத் தெரியும், ஆனாலும் சொன்னேன். சங்கக்கடைக்குப் பாஸ்டர் சபைக்குச் சாமான் எடுக்க வந்தால் மற்றவர்களுக்குக் காட்டுகிற கைத்தாராளம் கொஞ்சமும் காட்டமாட்டேன், தராசு முள் சரி நடுவில் நிற்கும் வரை பருப்பைத் தட்டித் தட்டி எடுப்பேன். அவர் "கடவுள் உங்களை ஆசீர்வதிப்பார்" என்பார். எனக்கு அது இன்னும் எரியும்.

ஒருநாள் கடையில் சனம் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டும் விட்டேன். "உங்கட நித்திய ஜீவனுக்கு என்ன செய்ய வேணும்?"

"ஒண்டும் செய்யத் தேவையில்லை. நம்பினால் போதும். அது இலவசம்."

"களவெடுத்தவன், கொலை செய்தவன்?"

"கடைசி நிமிசத்தில நம்பினாலும் காணும்."

நான் நிவாரணம் கொடுக்கிறவள். இலவசம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு உடனே சந்தேகம் வரும். இலவசச் சாமானில்தான் வரிசை நீளம், நிபந்தனை அதிகம். வாழ்க்கை முழுக்க ஊரைக் கொள்ளையடித்தவன் கடைசியில் கண்ணை மூடி நம்பினால் உள்ளே போகலாம் என்றால், வாசலில் நிற்கிறவன் தராசே வைத்திருக்கவில்லை என்றுதான் அர்த்தம். இதை அவரிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்து, "அதுதான் கிருபை," என்றார். எரிகிற அடுப்புக்கு விறகு வைக்கிற ஆள்.

ஆடி மாதம் ஞானஸ்நானம் என்று அறிவித்தார்கள். சிறுபோக வயலுக்குத் தண்ணீர் திறந்திருந்தது, வாய்க்கால் இடுப்பு மட்டத்துக்கு ஓடியது. அதே வாய்க்கால், அதே படி. நான் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அக்கா வெள்ளைச் சீலையோடு தனிய நடந்து போவதைக் கண்டதும் துவாயை எடுத்துக்கொண்டு பின்னால் போய்விட்டேன். பழக்கதோஷம்.

பாஸ்டர் காற்சட்டையோடு தண்ணீருக்குள் நின்றார். கரையில் சபைக்காரர் பாட்டுப் பாடினார்கள். அக்காவின் முறை வந்தது. "விசுவாசிக்கிறீங்களோ அக்கா?" என்று கேட்டார். "ஓம்," என்றா. தலையைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமிழ்த்தி எடுத்தார். எல்லாரும் கை தட்டினார்கள். அக்கா முகத்தைத் துடைக்கவில்லை. சீலைத் தொங்கலைத் தேடி எடுத்து முடிச்சை அவிழ்த்தா. உள்ளே எள்ளு. அதைக் கையில் கொட்டி, தண்ணீரும் அள்ளி, வாய்க்காலில் மெல்ல விட்டா.

"தர்சி, குடியம்மா," என்றா.

கை தட்டல் நின்றது. பாஸ்டருக்கு முதலில் விளங்கவில்லை. "என்னக்கா இது?"

"பிள்ளைக்குத் தம்பி. அவளுக்காகத்தானே முழுகினனான். இனி அவளுக்கு விடாய்க்காது என்ன?"

நீங்கள் சபைக்காரராக இருந்தால் சிரிப்பீர்கள், அல்லது பதறுவீர்கள். எங்கள் ஆட்களுக்கு அதில் ஒரு பிழையும் தெரியாது. இருக்கிறவர்கள் முழுகினால் இறந்தவர்களுக்குப் போய்ச் சேரும். அத்தானுக்குத் தர்சி முழுகினாள், தர்சிக்குத் தாய் முழுகுகிறா. ஐயர் மாட்டேன் என்றதை இந்தத் தம்பி செய்து தந்திருக்கிறார், அவ்வளவுதான் அக்காவுக்கு.

பாஸ்டர் தண்ணீரைப் பார்த்தார். எள்ளு மிதந்து அவருடைய காற்சட்டையைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. "அப்பிடி ஏலாதக்கா," என்றார். குரல் மெதுவாகத்தான் இருந்தது. "ஒராளுக்காக இன்னொராள் விசுவாசிக்கேலாது. அவரவர் நம்பவேணும்."

"அவளுக்கு ஆர் தம்பி சொன்னது, நம்பச் சொல்லி?"

அவர் மிதந்த எள்ளைக் கையால் ஒதுக்கினார்.

"அப்ப அவள் அங்க இல்லையோ?"

"வசனத்தில இருக்கிறதைத்தான் நான் சொல்லலாம். விசுவாசியாமல் போனவைக்கு... இல்லையக்கா."

நான் படியில் இருந்து கத்தினேன். "தம்பி, எங்கட சங்கக்கடையிலயே தாய் வந்தால் பிள்ளையின்ர பங்கைக் குடுப்பம். உங்கட கடவுள் எங்கட மனேச்சரை விட மோசமாய் இருக்கிறாரே?" இன்னும் கனக்கச் சொன்னேன், அச்சில் போடக் கூடாதவை. சபைக்காரர் ஒருவர் என்னைப் பிடிக்க வந்தார். அக்கா ஈரத்தோடு படியேறி வந்து, "நீ சும்மா இரு," என்றா. வீட்டுக்குப் போகும் வரை எனக்கு முன்னால் விறுவிறென்று நடந்தா. நான் மனதுக்குள், சரி, இதோடு முடிந்தது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், ஒரு மூலையில் சந்தோசம்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா தலை வாரி இழுத்து, வெளிக்கிட்டு நிற்கிறா.

"எங்க போறியள்?"

"சபைக்கு."

எனக்கு விசர் பிடித்தது. "பிள்ளையை உள்ளுக்கு விடாத இடத்துக்கு உங்களுக்கு என்ன அலுவல்?"

அக்கா குடையை விரித்துக்கொண்டு சொன்னா: "கவுண்மேந்துக் கச்சேரியில ஒரு அலுவல் பாக்கிறதெண்டால் என்ன செய்யிறனாங்கள்? உள்ளுக்கு ஆரும் தெரிஞ்ச ஆள் இருக்கோ எண்டுதானே பாக்கிறம். அங்க எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை. நான் உள்ளுக்குப் போனால்தான் அவளைக் கேட்டு எடுக்கலாம்."

வன்னியில் பிறந்து வளர்ந்து, வெளியே போகப் பாஸ் எடுக்கவும், வீட்டுத்திட்டம் எடுக்கவும், முகாமில் சொந்தக்காரரைத் தேடவும் உள்ளுக்கு ஆள் பிடித்துப் பிடித்தே காலம் போன மனுசி. பரலோகமும் அப்படித்தான் நடக்கும் என்று அவ முடிவு கட்டிவிட்டா. பாஸ்டருக்கு இது தெரிந்திருந்தால் இன்னொரு தரம் தண்ணீருக்குள் இறக்கியிருப்பார்.

அக்கா ஒரு ஞாயிறு தவறாமல் போனா. நான் ஒரு ஞாயிறு தவறாமல் சண்டை பிடித்தேன். சண்டை முடிய மதியச் சோறு, அது மட்டும் ஒன்றாக. வருடங்கள் அப்படியே போயின. ஊரில் கல்வீடு வந்தது, எல்லார் வீட்டிலும் கதிரை வந்தது, ஜெபவீட்டில் சனம் குறைந்தது. ஒரு நாள் பாஸ்டரும் கனடாவுக்குப் போய்விட்டார், பெண்சாதி பிள்ளைகளோடு. அழியாத வாழ்வு என்று இந்தத் தகரத்துக்குக் கீழே முழங்கின மனுசனுக்குத் தர்மபுரத்தில் ஒரு சின்ன வாழ்வு முழுக்க இருக்க முடியவில்லை. அக்காவிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவ தும்புத்தடியை எடுத்துக்கொண்டு ஆளில்லாத ஜெபவீட்டைக் கூட்டப் போனா.

பிறகு அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதாகியது. இந்தப் பக்கத்துத் தண்ணீரின் வேலை என்றார்கள். டொக்டர் கடைசியில் தண்ணீரையும் அளந்துதான் குடிக்கச் சொன்னார். அந்தக் கொடுமையை நான் விவரிக்க மாட்டேன். கிளிநொச்சி ஆஸ்பத்திரி வாட்டில், நோயாளர் பார்க்கிற நேரத்தில், என் போனுக்கு வீடியோக் கோல் வந்தது. சபையில் இருந்த யாரோ இலக்கம் கொடுத்திருக்கிறார்கள். பாஸ்டர். தடித்த ஜக்கெட், தலைமயிர் கொட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்து. வெட்டிவிடத்தான் கை போனது. அக்கா கையை நீட்டினா.

அவர் ஜெபம் பண்ணத் தொடங்க முன்னமே அக்கா கேட்டுவிட்டா. மூச்சு வாங்கி வாங்கி. "தம்பி, நான் வெளிக்கிடுறன். இப்பவாவது சொல்லுங்கோ. அவள் அங்க இருப்பாளோ?"

லைன் போய்விட்டது என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். ஆள் இருந்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருந்தார். கனடாவில் அவருக்கு என்ன நடந்ததோ, அங்கே அவர் யாரை இழந்தாரோ, நான் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு எங்களுக்குள் பழக்கமும் இல்லை.

"எனக்குத் தெரியாதக்கா," என்றார்.

எனக்கு வந்த கோபம் சொல்லி அடங்காது. இத்தனை வருடம் கூட்டின ஜெபவீடு, கேட்ட பிரசங்கம், பிடித்த சண்டை, எல்லாவற்றுக்கும் முடிவில் ஒரு தெரியாது. போனைப் பறித்து நாலு கிழி கிழிக்க வாயெடுத்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தா. முகம் தெளிந்திருந்தது. தர்சி போன பிறகு அந்த முகத்தை நான் காணவே இல்லை.

"கேட்டனியே?" என்றா. "தெரியாதாம். இல்லையெண்டு சொல்லேல்லை."

பிறகு தண்ணீர் கேட்டா. அளவு முடிந்துவிட்டது என்று நேர்ஸ் சொன்னா. நான் கொடுத்தேன். ஒரு கோப்பை நிறையக் கொடுத்தேன். பாதி வழியில் நிறுத்தாமல் குடித்து முடித்தா.

இரண்டு நாள் தாண்டவில்லை. சமயம் மாறின வேதக்காரிக்குக் கிரியை செய்ய வரமாட்டேன் என்றார் ஐயர். சபையில் புதைத்து ஜெபிக்க ஒரு ஆள் மிச்சமில்லை. நானே கொள்ளி வைத்தேன். பொம்பிளை செய்யிறதில்லை என்று இரண்டொரு பேர் சொன்னார்கள், அவர்களுக்குத் தர்சி முந்தியே மறுமொழி சொல்லிவிட்டாள்.

இப்போது ஜெபவீடு இருந்த இடத்தில் யாரோ கச்சான் கடலை பயிரிட்டிருக்கிறார்கள். வாய்க்காலுக்குக் கொங்கிறீற் கட்டி, கரையைச் செங்குத்தாக உயர்த்திவிட்டார்கள். படி இல்லை. முழுகுவதென்றால் கயிறு கட்டித்தான் இறங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குச் சண்டை பிடிக்க ஆளும் இல்லை. அந்த நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று இன்னும் பிடிபடவில்லை.

பாஸ்டரை நான் மன்னிக்கவில்லை. அந்த ஒரு தெரியாதை அவர் அன்றைக்கே, எள்ளு மிதந்த தண்ணீருக்குள் நின்று சொல்லியிருக்கலாம். அப்படி ஒரு இடம் இருக்கிறதென்றும் நான் நம்பவில்லை, எந்தக் கதிரையில் எழுதி வைத்தாலும் நம்பப் போவதில்லை. ஆனால் ஒருவேளை இருந்தால், அங்கே உள்ளுக்கு இப்போது எங்களுடைய ஆள் ஒருத்தி இருக்கிறா. பிள்ளையின் பங்கை வாங்காமல் அவ அந்த வாசலை விட்டு நகரமாட்டா.